வன்னியில் இருந்து புரோகிராமிங் தொடங்குகிறீர்களா? வாங்க வேண்டியதும் விட வேண்டியதும்

யூடியூபில் வரும் லப்டொப் விமர்சனங்களில் பெரும்பாலானவை பெங்களூரிலோ லண்டனிலோ இருப்பவருக்காகச் செய்யப்பட்டவை. கறண்ட் நிற்காத வீடு, ஏசி அறை, அளவில்லாத இன்டர்நெட், பழுதானால் பக்கத்திலேயே சேர்விஸ் சென்ரர். மல்லாவியிலோ விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ இருந்து படிக்கத் தொடங்குபவருக்கு அந்தக் கணக்குச் சரிவராது. இங்கே சோளகம் வீசினால் கிறவல் றோட்டுப் புழுதி மேசைவரை வரும். மாரி தொடங்க முன்னரே இடி மின்னல் வந்துவிடும். பழுதான பாகத்துக்கு மாற்று அநேகமாகக் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது மூன்று விஷயம். கறண்ட் போனாலும் வேலை ஓடவேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் படிக்க வழி இருக்கவேண்டும். இவை சரி என்றால்தான் மொடல், பெயர், அழகு எல்லாம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகப்போகிறவர்கள், பகலில் வேலை செய்துவிட்டுப் பின்னேரத்தில் படிக்க நினைப்பவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

வாங்க முன்னரே தொடங்குங்கள்

லப்டொப் கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு அன்ட்ரொய்ட் போன், போனில் கீபோர்ட் பூட்ட ஒரு ஓ.டி.ஜி. கேபிள், மலிவான யூ.எஸ்.பி. கீபோர்ட் ஒன்று இருந்தால் போதும். டெர்மக்ஸ் என்ற செயலியை எஃப்-ட்ரொய்ட் தளத்திலிருந்து இறக்கினால் போனிலேயே பைதன் என்ற புரோகிராமிங் மொழி ஓடும். பைதனுக்கென்றே பைட்ரொய்ட் என்ற செயலியும் உண்டு. திரை சின்னதுதான், ஆனால் மாறி, நிபந்தனை, சுற்று, சார்பு என்று அடிப்படை முழுவதையும் அதில் எழுதிப் பார்க்கலாம். சில கிழமை இப்படி எழுதிப் பாருங்கள். பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வீட்டில் காசு கேளுங்கள். எத்தனையோ வீடுகளில் அந்தக் காசு அம்மாவின் நகை அடகுக்குப் போய்த்தான் வருகிறது.

காசு கிடைத்ததும் முழுவதையும் லப்டொப்பில் கொட்டிவிடாதீர்கள். பத்தில் எட்டுப் பங்கு லப்டொப்புக்கு. மிச்சம் இரண்டு பங்கு கீபோர்ட், மின்சாரப் பாதுகாப்பு, ஒரு வெளி டிஸ்க் ஆகியவற்றுக்கு.

எந்த லப்டொப்

மலிவான புது லப்டொப்பைவிட, கம்பனிகளில் பாவித்துக் கழித்த நல்ல லப்டொப் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலிவான புது மொடல்கள் பலவற்றில் ரேம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) மதர்போர்டோடு ஒட்டி வருகிறது, பிறகு கூட்ட முடியாது. உடம்பும் மெல்லிய பிளாஸ்டிக். லெனோவோ திங்க்பாட் டி வரிசை, டெல் லட்டிடியூட், எச்.பி. எலீட்புக் போன்றவை அலுவலகத்தில் நாள் முழுவதும் ஓடவென்று செய்யப்பட்டவை. அடிமூடியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும். பட்டரி, கீபோர்ட், ஃபேன் எல்லாம் சந்தையில் தனித்தனியாகக் கிடைக்கும்.

உதாரணத்துக்குத் திங்க்பாட் டி480. ரேம் போட இரண்டு இடம், உள்ளே ஒரு பட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொரு பட்டரி. வெளிப்பட்டரியை மாற்றும்போதும் லப்டொப் நிற்காது, உள்பட்டரி தாங்கிக்கொள்ளும். கறண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு இதைவிட உதவியான வசதி இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் கவனம், பெயரின் கடைசியில் 'எஸ்' சேர்ந்த டி480எஸ் வேறு மொடல். அதில் வெளிப்பட்டரி இல்லை. டி490 இலும் இல்லை.

புரோசசரைப் பார்க்கும்போது ஐ5, ஐ7 என்ற ஸ்டிக்கரில் மயங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் முக்கியம். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, நான்கு கோர், அதாவது கணக்குச் செய்யும் நான்கு அலகு. ஐ7-6600யூ என்றால் ஆறாம் தலைமுறை, இரண்டே கோர். 'ஐ7 தம்பி, நல்ல சாமான்' என்று கடைக்காரர் கூடிய விலைக்குத் தருவது சில வேளைகளில் இந்த இரண்டாவதைத்தான். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஓடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினுக்கு எட்டாம் தலைமுறையின் விலை கொடுக்காதீர்கள். காசு அவ்வளவுதான் இருக்கிறது என்றால் அப்படி ஒன்றை மலிவாக வாங்கி லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். படிக்கத் தொடங்க அது தாராளமாகப் போதும்.

ரேம் 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் செயலி செய்யப் போகிறவர்களுக்கு 16 வேண்டும். வாங்கும்போது எட்டே போதும், இன்னொரு இடம் காலியாக இருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். டிஸ்க் சுழலும் பழைய வகை அல்லாமல் வேகமான எஸ்.எஸ்.டி.யாக இருக்கவேண்டும், 256 ஜி.பி.யாவது வேண்டும். திரை 1920க்கு 1080 பிக்சல். பழைய 1366க்கு 768 திரையில் ஒரு பக்கம் கோடும் (எழுதும் புரோகிராம் வரிகள்) மறு பக்கம் பாடமும் வைத்தால் இரண்டையும் வாசிக்க முடியாது.

கேமிங் லப்டொப் வேண்டாம். அதன் பெரிய சார்ஜரைச் சின்ன இன்வேட்டரோ சோலரோ தாங்காது. சூடும் அதிகம், ஃபேன் இழுக்கும் புழுதியும் அதிகம். மக்புக் ஏர் எம்1 பற்றிக் கேட்கிறார்கள். பட்டரி மிக நன்றாக நிற்கும், ஃபேனே இல்லாததால் புழுதிக்கும் நல்லது. ஆனால் ரேம் கூட்ட முடியாது, மதர்போர்ட் பழுதானால் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஐபோன் செயலி செய்யப் போகிறவர் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான். நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். கடை யாழ்ப்பாணத்தில் இருந்தால் ஏ9இல் ஒரு பஸ், காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். கொழும்புக் கடை என்றால் 300 கிலோமீற்றர் அளவு, வாரண்டிக்கு ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போகவேண்டி வரும். கொஞ்சம் விலை கூடினாலும் கிட்டக் கடை நல்லது.

போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்ட்ரைவ் ஒன்று, ஹெட்செட் ஒன்று, இலக்கங்களைக் குறிக்க ஒரு கொப்பி கொண்டுபோங்கள்.

முதலில் லப்டொப்பை மூடிக் கண்ணாடி மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பாட் மேலே புடைத்து நிற்கிறதா, அமத்தக் கஷ்டமாக இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே பட்டரி ஊதியிருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம்.

பிறகு இயக்கி, விண்டோஸ் வர முன்னர் திறக்கக்கூடிய பயோஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அதை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பழைய கம்பனி போட்ட பூட்டைத் திறக்கப் பின்னர் உங்களால் முடியாது. பூட்டு இல்லை என்றால் பென்ட்ரைவில் இருந்து லினக்ஸை ஏற்றிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கமரா, வெளிச்சம் எல்லாம் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கமராவும் மைக்கும் முக்கியம், நாளைக்கு நேர்முகப் பரீட்சை ஒன்லைனில்தான் வரும்.

அடுத்தது பட்டரி. விண்டோஸில் பட்டரி றிப்போர்ட் எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு, வீட்டிலேயே தேடி எழுதிக்கொண்டு போங்கள். அதில் இரண்டு இலக்கம் வரும். ஒன்று செய்தபோது இருந்த கொள்ளளவு, மற்றது இப்போது நிரம்பும் அளவு. முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பட்டரியில் 60 வீதம்தான் மிச்சம். 70க்குக் கீழே போனால் புதுப் பட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசைக் குறைக்கச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி.யின் நிலையைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும்.

சார்ஜரைக் குத்திவிட்டு வயரை மெல்ல ஆட்டுங்கள். லைட் விட்டு விட்டு எரிந்தால் சார்ஜ் ஏறும் வாய் தளர்ந்திருக்கிறது. மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள், பிணைச்சல் பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு வீடியோவை ஓடவிட்டுவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து தொட்டால் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே தூசு அடைத்திருக்கும், அல்லது ஃபேன் போயிருக்கும்.

எல்லாம் சரி என்றால் பில்லில் சீரியல் இலக்கமும் வாரண்டிக் காலமும் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வாரண்டியை நம்பாதீர்கள்.

கீபோர்ட்: கைக்கு வசதி, கண்ணுக்கு அல்ல

பாவித்த லப்டொப்புகள் பல நாடுகளில் இருந்து வருகின்றன, அந்தந்த நாட்டுக் கீபோர்டோடுதான் வரும். ஜேர்மன் கீபோர்டில் 'வை', 'செட்' இரண்டும் இடம் மாறியிருக்கும். அதைப் பழகிவிடலாம். ஆனால் புரோகிராமருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தேவைப்படும் நெளி அடைப்புக்குறியை அதில் ஓல்ட்-ஜீ.ஆர். விசையையும் 7 அல்லது 0ஐயும் சேர்த்து அமத்தித்தான் எடுக்கவேண்டும். சதுர அடைப்புக்குறிக்கு 8உம் 9உம். ஜப்பான் கீபோர்டில் குறிகள் இன்னும் வேறு இடங்களில் இருக்கும். பிரித்தானியக் கீபோர்டில் இரட்டை மேற்கோளும் அட் குறியும் ஒன்றின் இடத்தில் மற்றது இருக்கும். அமெரிக்க அமைப்புக் கிடைத்தால் அதையே எடுங்கள். இணையப் பாடங்களில் பெரும்பாலானவை அதை வைத்துத்தான் காட்டுகின்றன. கடையில் வெறும் எழுத்துக்களை மட்டும் அடித்துப் பார்க்காமல் எல்லா அடைப்புக்குறிகளையும், அரைப்புள்ளியையும், சாய்கோடு இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

வெளிக் கீபோர்ட் ஒன்று கட்டாயம் வேண்டும். லப்டொப்பைப் பழைய புத்தக அடுக்கின் மேல் கண்மட்டத்துக்கு உயர்த்தி, கீபோர்டைக் கீழே வைத்து அடித்தால் கழுத்து நோகாது. தொடக்கத்தில் சாதாரண மெம்பிரேன் கீபோர்ட் போதும். பிறகு ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் வாங்க ஆசை வந்தால், கிளிக் சத்தம் போடும் நீல சுவிட்ச் வேண்டாம், ஒரே அறையில் தம்பி தங்கச்சிமார் படுத்திருப்பார்கள். சிவப்பு அல்லது பழுப்பு எடுங்கள். விசை மூடிகளைக் கழற்றித் தூசு துடைக்கலாம் என்பதுதான் எங்கள் பக்கத்துக்கு அதில் உள்ள பெரிய நன்மை. பார்க்காமல் தட்டப் பழக கிளாவரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இன்டர்நெட் இல்லாமல் ஓடும்.

தமிழ்த் தட்டச்சு பற்றி ஒன்று. கடைகளிலும் கந்தோர்களிலும் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் அடித்ததைக் கணினி ஆங்கில எழுத்தாகத்தான் வைத்திருக்கும். தேடவோ அகர வரிசைப்படுத்தவோ முடியாது. நீங்கள் எழுதும் புரோகிராம் தமிழைத் தமிழாக அறிய வேண்டும் என்றால் எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிக்கவேண்டும். இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்திலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையையோ தமிழ் 99ஐயோ பழகுங்கள். புதிதாகப் பழகுபவருக்குத் தமிழ் 99 சுலபம். பழகியதும் பைதனில் 'வன்னி' என்று எழுதி நீளம் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதன் ஐந்து என்று சொல்லும். புள்ளியையும் இகர விசிறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. தமிழில் செயலி செய்யப் போகிறவர் முதல் நாளே தெரிந்துவைக்க வேண்டிய விஷயம் இது. பெயரைச் சுருக்கிக் காட்டும் இடத்தில் எழுத்துப் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான்.

மவுஸ் எதுவும் பரவாயில்லை.

கறண்ட், இடி, புழுதி

சார்ஜ் போட்டிருக்கும்போது லப்டொப்பின் உலோக உடம்பில் மெல்லக் கையை இழுத்தால் சிலு சிலு என்று ஒரு கூச்சம் தெரிகிறதா? அநேகமாக அந்த பிளக்குக்கு எர்த் இல்லை. எர்த் கம்பி இல்லாத மலிவு எக்ஸ்டென்சன் கோட்டில் பூட்டினாலும் இப்படித்தான். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மின்னழுத்தம் திடீரென ஏறும்போது காக்கும் சேர்ஜ் புரொடெக்டர் பலவற்றுக்கும் எர்த் இருந்தால்தான் முழுப் பலன்.

ஆனால் கிட்ட விழும் மின்னலை எந்த புரொடெக்டரும் தடுக்காது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் நிறுத்துவது மட்டும் போதாது. றவுட்டர் பழைய செப்புத் தொலைபேசி வயரில் ஓடினால் அந்த வயரையும் கழற்றுங்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும்.

றவுட்டருக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது. கறண்ட் போனாலும் சில மணித்தியாலம் இன்டர்நெட் நிற்காது. யூ.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப் என்றால், 65 வொட் தரும் 20,000 எம்.ஏ.எச். பவர் பாங்க் ஏறக்குறைய ஒரு முழுச் சார்ஜ் தரும்.

சோளகக் காலத்துக்கு முன்னும் பின்னும் அடிமூடியைத் திறந்து ஃபேன் தூசை எடுங்கள். பாயிலோ மெத்தையிலோ வைத்து ஓடவிடாதீர்கள். மழையில் மோட்டச்சைக்கிளில் கொண்டுபோகும்போது பையின் வெளியே கவர் போட்டாலும், உள்ளே ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

மென்பொருள்

காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. திருட்டு விண்டோஸ், கிராக் மென்பொருள் எதுவும் வேண்டாம், அவற்றோடு வைரஸும் வரும். பைதன் மட்டும் தொடங்குபவருக்குத் தொனி என்ற சின்ன எடிட்டர். ஒவ்வொரு வரியும் ஓடும்போது மாறிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும். அது கைவந்த பிறகு வி.எஸ். கோட் என்ற பெரிய எடிட்டர். பெயர் ஒத்த விஷுவல் ஸ்டூடியோவைத் தவறுதலாக இறக்கினால் டேட்டா ஜி.பி. கணக்கில் போய்விடும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர்கள் விண்டோஸ் வைஃபை அமைப்பில் அதை மீற்றர் இணைப்பு என்று குறித்துவையுங்கள், பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்காது.

கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை முதல் மாதத்திலேயே பழகுங்கள். அன்றாடம் எழுதியதைக் கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் ஏற்றிவிட்டால், இடி விழுந்து லப்டொப் போனாலும் உழைப்புப் போகாது. பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டவும் அதுதான் உதவும். கிட்ஹப் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கேட்கும். அது தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே போக அதுதான் வழி. பல்கலைக்கழக மாணவர் என்றால் கிட்ஹப் மாணவர் பொதிக்கு விண்ணப்பியுங்கள், கட்டண மென்பொருள் பல இலவசமாகக் கிடைக்கும்.

எங்கே படிப்பது

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களில் தொடங்குங்கள். தரம் 10, 11 புத்தகங்கள் தமிழில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் கணியம் குழு லினக்ஸ், பைதன் பற்றி எளிய தமிழில் இலவச மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. இங்கத்தைச் சொற்களுக்கும் அவர்கள் சொற்களுக்கும் சிறு வித்தியாசம் இருக்கும், பழகிவிடும்.

அதற்கு மேல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறியைத்தான் நான் முதலில் சொல்வேன். முழு அடுக்கு மென்பொருளாக்குநர் பயிற்சி அது, அதாவது பாவிப்பவர் பார்க்கும் பக்கத்தையும் பின்னால் ஓடும் சேர்வர் பக்கத்தையும் செய்யப் பழக்குவது. இணைய வடிவமைப்பு, பைதன், சேர்வர் பக்கம் என்று ஒழுங்காகப் போகும், சான்றிதழும் உண்டு. ஆங்கிலத்தில்தான், ஆனால் இந்த நாட்டு மாணவர்களை மனதில் வைத்துச் செய்தது. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 பாடநெறி இன்னும் ஆழம். அதன் விரிவுரை வீடியோக்களை இறக்கி வைத்துப் பார்க்கலாம். உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

உசாத்துணைக்கு ஸீல் என்ற மென்பொருளைப் போட்டு, தேவையான மொழிகளின் ஆவணங்களை ஒரு தடவை இறக்கிவிடுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பைதனின் முழு ஆவணமும் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. இன்டர்நெட் இல்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் விக்கிப்பீடியாவையே பென்ட்ரைவில் வைத்திருக்கலாம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இதை ஒருவர் ஒருமுறை இறக்கிக் கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் பயன்படும். ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பாடநெறி வேண்டாம்.

தடைப்பட்டு நிற்கும்போது

பைதன் பிழை காட்டினால் சிவப்பு எழுத்துக்களைக் கண்டு பயப்படாமல் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். என்ன பிழை என்று அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே. 'நேம் எரர்' என்றால் நீங்கள் எழுதிய பெயரை அதற்குத் தெரியாது, அநேகமாக எழுத்துப்பிழை. 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரித் தொடக்கத்து இடைவெளி பிசகு. ஏ.ஐ. உதவியாளரிடம் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் 'எழுதித் தா' என்று கேட்காமல் 'இது ஏன் பிழை' என்று கேளுங்கள். தொடங்கும் காலத்தில் எழுதுவது உங்கள் கையாகவே இருக்கட்டும்.

மனிதரிடம் கேட்பதானால் திரையைப் போனில் படம் பிடித்து 'அண்ணா வேலை செய்யுதில்லை' என்று அனுப்பாதீர்கள். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதி, பிழைச் செய்தியையும் கோடையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். படத்தில் இருக்கும் கோடை யாரும் ஓடவிட்டுப் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்புகள் நடத்தும் நிகழ்வுகளுக்குப் போனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைச் சந்திக்கலாம். ஊரில் இன்னும் இருவர் படித்தால் கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு வீட்டில் கூடி, அந்தக் கிழமை எழுதியதை ஒருவருக்கொருவர் ஓடவிட்டுக் காட்டுங்கள். யாருக்காவது லப்டொப் இல்லை என்றால் போனோடும் அந்த ஓ.டி.ஜி. கீபோர்டோடும் வரச் சொல்லுங்கள்.